டெம்பர் கிளாஸ் ஒட்டும்போது டேப்லெட்டுக்குள் ஈரம் போய்விட்டதா? எப்போது பயப்பட வேண்டும், எப்போது வேண்டாம்?

தி.நகர் பாண்டி பஜார், மயிலாப்பூர் லஸ், அடையாறு எல்.பி. சாலை... சென்னையில் எந்தப் பக்கம் போனாலும் செல்போன் ஆக்சஸரீஸ் கடைகளில் பார்க்கக்கூடிய காட்சி இது. பிள்ளையின் படிப்புக்காக வாங்கிய புது டேப்லெட்டை ஒருவர் கண்ணாடி மேஜை மீது வைக்கிறார். கடைக்காரர் ஸ்ப்ரே பாட்டிலை எடுத்துத் திரையில் நாலு முறை அடிக்கிறார், துணியால் துடைக்கிறார், ஐந்தே நிமிடத்தில் ஸ்க்ரீன் கார்டு ஒட்டிக் கொடுத்துவிடுகிறார். வீட்டுக்கு வந்து பார்த்தால் திரை ஓரத்தில் ஈரத் திட்டு. ஸ்பீக்கர் ஓட்டைக்குப் பக்கத்தில் பிசுபிசுப்பு.

"உள்ளே தண்ணி போயிருக்குமோ?" என்ற பயம் அங்கேதான் ஆரம்பிக்கிறது. கடைக்குப் போன் போட்டால், "ஒண்ணும் ஆகாது சார், தானா காஞ்சிடும்" என்று பதில் வருகிறது.

காய்ந்துவிடுமா? பெரும்பாலான நேரங்களில் காய்ந்துவிடும். ஆனால் ஸ்க்ரீன் கார்டு ஒட்டப் பயன்படுத்தும் திரவங்களில் காயவே காயாத ஒன்றும் இருக்கிறது. என்ன திரவம், எந்த வழியாகப் போனது என்ற இரண்டு கேள்விக்கும் பதில் தெரிந்தால், பாதிப் பயம் போய்விடும். மீதிப் பாதிக்கு என்ன செய்ய வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

ஒட்டும்போது பயன்படுத்தும் திரவங்கள் என்னென்ன?

பொதுவாக மூன்று வகை.

1. ஆல்கஹால் துடைப்பான்: டெம்பர் கிளாஸ் பாக்கெட்டுக்குள் இரண்டு சிறிய உறைகள் இருக்கும். ஒன்றில் ஈரத் துணி, இன்னொன்றில் உலர்ந்த துணி. அந்த ஈரத்தில் பெரும்பாலும் இருப்பது ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் தண்ணீரும் சேர்ந்த கலவை. இந்த ஆல்கஹால் தண்ணீரைவிட வேகமாக ஆவியாகும். தண்ணீர் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கும் என்றால், இது சுமார் 82 டிகிரியிலேயே கொதித்துவிடும். துடைத்த சில விநாடிகளில் திரை உலர்ந்துவிடுவது இதனால்தான்.

மூன்றிலும் பயம் குறைவானது இதுதான். 70 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் துடைப்பானால் ஐபேடின் வெளிப்பரப்பை மெதுவாகத் துடைக்கலாம் என்று ஆப்பிள் நிறுவனமே சொல்கிறது. அதோடு ஒரு நிபந்தனையும் வைக்கிறது: எந்த ஓட்டைக்குள்ளும் ஈரம் போகக் கூடாது. இன்னொரு வேடிக்கை, தண்ணீரில் விழுந்த போனைப் பிரித்து, அதன் போர்டைச் சுத்தம் செய்ய மெக்கானிக்குகள் பயன்படுத்துவதும் இதே ஆல்கஹால்தான். அதில் தண்ணீரின் பங்கு மிகக் குறைவாக இருக்கும், அவ்வளவுதான்.

2. சோப்புத் தண்ணீர் ஸ்ப்ரே: ஹைட்ரோஜெல், டிபியு போன்ற மெல்லிய ஃபிலிம்களைச் சரியான இடத்தில் நகர்த்தி வைக்க வசதியாகத் தண்ணீரில் ஓரிரு துளி சோப்பு அல்லது ஷாம்பு கலந்து அடிப்பார்கள். கொஞ்சம் கவனம் தேவைப்படுவது இதில்தான். ஆல்கஹாலைப் போல இது சட்டென்று ஆவியாகாது. பாட்டிலில் நிரப்பியது குழாய்த் தண்ணீரோ போர் தண்ணீரோ என்றால் அதில் உப்பு இருக்கும். ஈரம் காய்ந்த பிறகும் அந்த உப்பு உள்ளேயே தங்கும்.

3. யூவி பசை: கண்ணாடியைத் திரையோடு இடைவெளியே இல்லாமல் ஒட்டுவதற்காக ஊற்றும் திரவப் பசை. ஊற்றிய பிறகு புற ஊதா விளக்கைக் காட்டினால் இறுகிவிடும். காற்றில் காய்ந்து மறைகிற சங்கதி இது இல்லை. உள்ளே போனால் போனதுதான். "காஞ்சிடும்" என்ற சமாதானம் இதற்குப் பொருந்தாது.

நிறுவனமே எச்சரித்த விஷயம்

யூவி பசை பற்றிய பயம் வெறும் வாட்ஸ்அப் வதந்தி இல்லை. திரவ யூவி பசை ஸ்க்ரீன் புரொடெக்டர்களைத் தவிர்க்குமாறு 2024-ல் ஷாவ்மி நிறுவனத்தின் இந்தியப் பிரிவு தன் வாடிக்கையாளர்களுக்கு எச்சரிக்கை வெளியிட்டது. ஒட்டும்போது பசை பட்டன், சார்ஜிங் போர்ட், ஸ்பீக்கர் ஓட்டைகளுக்குள் கசியலாம். அதனால் போன் தானாக ரீஸ்டார்ட் ஆவது, பட்டன் வேலை செய்யாதது, சத்தம் சரியாக வராதது போன்ற கோளாறுகள் வரலாம் என்பதுதான் அதன் சாரம். வாரண்டியும் பாதிக்கப்படலாம் என்றும் சொன்னது. இதற்குப் பதிலாகப் பசை ஊற்றத் தேவையில்லாத சாதாரண வகையைப் பயன்படுத்தலாம் என்பது அதன் ஆலோசனை.

சரி, இவ்வளவு ரிஸ்க் இருந்தும் இந்தப் பசை ஏன் வந்தது? ஓரங்கள் வளைந்த திரை கொண்ட போன்கள் வந்தபோது, தட்டையான டெம்பர் கிளாஸ் அவற்றில் சரியாக உட்காரவில்லை. 2019-ல் வந்த சாம்சங் கேலக்ஸி எஸ்10 போன்ற மாடல்களில் திரைக்கு அடியிலேயே அல்ட்ராசோனிக் கைரேகை சென்சார் வந்தது. கண்ணாடிக்கும் திரைக்கும் நடுவில் காற்று இடைவெளி இருந்தால் அந்த சென்சார் திணறும். இந்த இரண்டு பிரச்சினைக்கும் தீர்வாகத்தான் யூவி பசை பிரபலமானது.

கவனிக்க வேண்டியது இதுதான்: சந்தையில் கிடைக்கும் டேப்லெட்டுகளின் திரை கிட்டத்தட்ட எல்லாமே தட்டை. யூவி பசைக்கான அவசியமே அங்கு இல்லை. "இது பிரீமியம் சார், கீறலே விழாது" என்று கடையில் பரிந்துரைத்தாலும் டேப்லெட்டுக்கு அதை வேண்டாம் என்று சொல்லிவிடலாம்.

திரவம் எந்த வழியாக உள்ளே போகும்?

டேப்லெட்டின் முன்பக்கக் கண்ணாடி, சட்டத்தோடு சுற்றிலும் பசையால் ஒட்டப்பட்டிருக்கும். துணியால் துடைக்கும் அளவு ஈரம் அந்த ஓரத்தைத் தாண்டி உள்ளே போவது சுலபமில்லை. உண்மையான வாசல்கள் வேறு: ஸ்பீக்கர் ஓட்டைகள், சார்ஜிங் போர்ட், ஊசி முனை அளவிலான மைக் துளை, வால்யூம் மற்றும் பவர் பட்டன் இடுக்கு, சிம் ட்ரே, சில மாடல்களில் ஹெட்போன் ஓட்டை. ஏற்கெனவே கீழே விழுந்து ஓரம் விரிசல் விட்ட டேப்லெட் என்றால் அந்த விரிசலும் ஒரு வாசல்.

"என் போன் மழையில் நனைந்தாலும் ஒன்றும் ஆகவில்லையே, டேப்லெட்டும் தாங்காதா?" என்று கேட்கலாம். இங்கேதான் வித்தியாசம். விலை உயர்ந்த பல போன்களுக்கு ஐபி68 தரம் உண்டு. இதில் 6 என்பது தூசி புகாத பாதுகாப்பு. 8 என்பது நிறுவனம் குறிப்பிடும் ஆழத்திலும் நேரத்திலும் தண்ணீரில் மூழ்கினாலும் தாங்கும் என்பதைக் குறிக்கிறது. டேப்லெட்டுகளில் இந்தத் தரம் அபூர்வம். 2023-ல் வந்த சாம்சங் கேலக்ஸி டேப் எஸ்9 வரிசைக்கு ஐபி68 உண்டு. ஐபேட்களுக்கு ஐபி தரம் எதுவும் அறிவிக்கப்படவில்லை. பட்ஜெட் டேப்லெட்டுகள் பலவற்றின் நிலையும் இதுதான்.

ஐபி68 இருந்தாலும் அலட்சியம் கூடாது. அந்தச் சோதனை நல்ல தண்ணீரில் நடப்பது. சோப்புக்கும் பசைக்கும் அது உத்தரவாதம் இல்லை. நாளாக நாளாக அந்தப் பாதுகாப்பும் குறையும்.

திட்டு தெரிகிறது... அது வெளியே இருக்கிறதா, உள்ளே இருக்கிறதா?

பயந்து ஓடுவதற்கு முன் வீட்டிலேயே செய்யக்கூடிய எளிய சோதனை இது.

முதலில் திரையை அணைத்துவிட்டு, சாய்வாகப் பிடித்து, டார்ச் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். திட்டு தெரிகிற இடத்தில் விரலால் மெதுவாக அழுத்தினால் அது நகர்கிறதா, உருவம் மாறுகிறதா? அப்படியென்றால் அது ஸ்க்ரீன் கார்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் மாட்டிய ஈரம் அல்லது காற்று. டேப்லெட்டுக்குள் போகவில்லை.

அடுத்து, முழு வெள்ளைப் படம் ஒன்றைத் திரையில் திறந்து பார்க்க வேண்டும். மேகம் போலக் கருப்பாகவோ, மற்ற இடத்தைவிட வெளிச்சமாகவோ ஒரு கறை தெரிகிறதா? அழுத்தினாலும் நகரவில்லையா? ஸ்க்ரீன் கார்டைக் கழற்றிய பிறகும் அப்படியே இருக்கிறதா? அப்படியென்றால் ஈரம் கண்ணாடிக்கு அடியில் போயிருக்க வாய்ப்பு அதிகம்.

இதில் டேப்லெட்டின் அமைப்பும் முக்கியம். இப்போது விற்பனையில் உள்ள ஐபேட் ஏர், ஐபேட் ப்ரோ, ஐபேட் மினி ஆகியவற்றில் வெளிக்கண்ணாடியும் டிஸ்ப்ளேவும் ஒன்றோடொன்று முழுதாக ஒட்டப்பட்டிருக்கும். 10-ஆம் தலைமுறை ஐபேட் போன்ற அடிப்படை மாடல்களில் இரண்டுக்கும் நடுவே மெல்லிய இடைவெளி உண்டு. ஓரம் வழியாக ஈரம் போனால் அந்த இடைவெளியில் பனிமூட்டம் போலப் படியலாம்.

வேறு சில அறிகுறிகளுக்கு விளக்கம்:

* சின்னச் சின்னக் குமிழ்கள்: காற்று. ஓரத்தை நோக்கித் தள்ளினால் போகும், அல்லது ஓரிரு நாளில் தானாக மறையும். நடுவில் புள்ளியோடு இருக்கும் குமிழ் என்றால் உள்ளே தூசி, அது போகாது. தெருவோரத்தில் திறந்த வெளியில் ஒட்டினால் இது சகஜம்.
* ஹைட்ரோஜெல் ஃபிலிமில் பால் போன்ற மங்கல்: ஒட்டும்போது அடித்த ஈரம். பொதுவாக 24 முதல் 48 மணி நேரத்தில் தெளியும். ஐப்பசி, கார்த்திகை மழை நாட்களில் கொஞ்சம் கூடுதலாகவே ஆகலாம்.
* தொடாமலே திரை தானாக நகர்வது: ஈரம் மின்சாரத்தைக் கடத்துவதால் தொடுதிரை அதை விரல் என்று நினைத்துக்கொள்கிறது. நன்றாகத் துடைத்துக் காய்ந்ததும் நின்றுவிட்டால் கவலை இல்லை. அடுத்த நாளும் தொடர்ந்தால் காட்ட வேண்டும்.
* ஏசியிலிருந்து வெளியே வந்ததும் மூட்டம்: குளிர்ந்த அறையிலிருந்தோ மெட்ரோ ரயிலிலிருந்தோ புழுக்கமான வெளிக்காற்றுக்கு வரும்போது கண்ணாடி மேல் நீர் படிவது இயல்பு. இதற்கும் ஸ்க்ரீன் கார்டுக்கும் சம்பந்தமில்லை.

உள்ளே போயிருக்கலாம் என்று சந்தேகம் வந்தால்: முதல் ஒரு மணி நேரம்

டேப்லெட்டைக் கெடுப்பது ஈரம் மட்டும் இல்லை. ஈரமும் மின்சாரமும் சேர்வதுதான். போர்டில் உப்பு கலந்த ஈரம் இருக்கும்போது மின்சாரம் ஓடினால் ஷார்ட் ஆகலாம், நுண்ணிய இணைப்புகள் அரிக்கத் தொடங்கலாம். "அன்னைக்கு நல்லாத்தானே இருந்துச்சு, ரெண்டு வாரம் கழிச்சு செத்துப்போச்சு" என்று பலர் சொல்வதற்குக் காரணம் இந்த மெதுவான அரிப்புதான். அதனால் வரிசை முக்கியம்.

1. முழுதாக ஸ்விட்ச் ஆஃப் செய்ய வேண்டும். திரையை மட்டும் அணைத்தால் போதாது.
2. சார்ஜர், கவர், கீபோர்டு எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். "சார்ஜ் ஏறுதான்னு பார்ப்போம்" என்று போட்டுப் பார்ப்பதுதான் பலர் செய்யும் பெரிய தவறு.
3. உலர்ந்த மெல்லிய துணியால் வெளியே துடைத்து, ஈரம் பட்ட ஓட்டை கீழ்நோக்கி இருக்கும்படி சாய்த்து நிறுத்த வேண்டும். பலமாக உதறினால் ஈரம் உள்ளே பரவும்.
4. சிம் ட்ரே இருந்தால் எடுத்துவிட்டு, ஃபேன் காற்றிலோ ஏசி அறையிலோ 24 மணி நேரம் வைக்க வேண்டும். ஏசி காற்றில் ஈரப்பதம் குறைவு என்பதால் சென்னைப் புழுக்கத்துக்கு அது நல்ல வழி.

செய்யக் கூடாதவை

* அரிசி டப்பா வேண்டாம். ஐபோனை அரிசிப் பைக்குள் வைக்காதீர்கள், அரிசியின் நுண்துகள் போனைச் சேதப்படுத்தலாம் என்று ஆப்பிள் தன் உதவிக் குறிப்பிலேயே சொல்லியிருக்கிறது. டேப்லெட்டின் போர்ட்டும் ஸ்பீக்கர் வலையும் அதே மாதிரிதான்.
* ஹேர் டிரையர், மொட்டை மாடி வெயில் வேண்டாம். ஐபேடை அணைத்து வைத்திருந்தாலும் 45 டிகிரி செல்சியஸைத் தாண்டக் கூடாது என்பது ஆப்பிள் தரும் வரம்பு. சித்திரை வெயிலில் ஒரு கருப்புக் கண்ணாடி அதைச் சீக்கிரமே தாண்டிவிடும். பாட்டரிக்கு அது ஆபத்து.
* ஓட்டைக்குள் பட்ஸ், டிஷ்யூ, ஊசி எதையும் விடக் கூடாது. வாயால் ஊதுவதும் வேண்டாம், ஈரத்தை இன்னும் உள்ளே தள்ளும்.

யூவி பசை என்றால் வழி வேறு

யூவி பசை ஸ்பீக்கரிலோ பட்டனிலோ இறங்கியிருந்தால் 24 மணி நேரம் காத்திருப்பதில் பயன் இல்லை. முக்கியமாக வெயிலில் வைக்கவே கூடாது. சூரிய வெளிச்சத்திலும் புற ஊதாக் கதிர் இருக்கிறது. காய வைப்பதாக நினைத்து வெளியே வைத்தால், இன்னும் இளகிய நிலையில் இருக்கும் பசை அங்கேயே கல்லாக இறுகிவிடும். இறுகுவதற்கு முன் துடைத்து எடுப்பது சுலபம், இறுகிய பிறகு பாகத்தையே மாற்ற வேண்டி வரலாம். டேப்லெட்டை அணைத்து, வெளிச்சம் படாமல் துணியில் சுற்றி, தாமதிக்காமல் சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோவதுதான் சரி.

24 மணி நேரம் கழித்து என்ன பார்க்க வேண்டும்?

ஆன் செய்ததும் முதல் வேலை பேக்கப். பிள்ளையின் நோட்ஸ், போட்டோக்கள் எல்லாவற்றையும் வேறு இடத்துக்கு மாற்றிவிட வேண்டும். பிறகு ஒவ்வொன்றாகச் சோதிக்கலாம்: இரண்டு பக்க ஸ்பீக்கரிலும் சத்தம் தெளிவாக வருகிறதா, குரல் பதிவாகிறதா, கேமராவில் மூட்டம் இருக்கிறதா, பட்டன்கள் சிக்காமல் அமுங்குகின்றனவா, திரையின் நான்கு மூலைகளிலும் தொட்டால் வேலை செய்கிறதா, சார்ஜ் சரியாக ஏறுகிறதா.

எல்லாம் சரியாக இருந்து, சோதனை செய்யும் வரை போட்ட ஈரமும் வெறும் ஆல்கஹால் துடைப்பான்தான் என்றால் நிம்மதியாக இருக்கலாம். டேப்லெட் வழக்கத்துக்கு மாறாகச் சூடானாலோ, பின்பக்கம் உப்பினாலோ, திரை ஓரம் தூக்கினாலோ சார்ஜ் போடுவதை உடனே நிறுத்திவிட்டு சர்வீஸ் சென்டருக்குப் போக வேண்டும்.

வாரண்டியில் கிடைக்குமா?

பெரும்பாலும் கிடைக்காது. திரவத்தால் வரும் சேதத்தை நிறுவனங்களின் சாதாரண வாரண்டி பொதுவாக ஏற்பதில்லை. பல சாதனங்களுக்குள் ஈரம் பட்டால் நிறம் மாறும் சிறிய ஸ்டிக்கர் இருக்கும். ஆப்பிள் சாதனங்களில் வெள்ளையாகவோ வெள்ளி நிறமாகவோ இருக்கும் அது, தண்ணீரோ தண்ணீர் கலந்த திரவமோ பட்டால் சிவப்பாகிவிடும். சர்வீஸ் சென்டரில் முதலில் பார்ப்பது இதைத்தான். சாதாரணக் காற்றின் ஈரப்பதத்துக்கு அது நிறம் மாறாது என்பது நிறுவனத்தின் விளக்கம். ஆப்பிள்கேர் பிளஸ், சாம்சங் கேர் பிளஸ் போன்ற தனித் திட்டங்களை வாங்கியிருந்தால், ஒரு கட்டணத்தோடு விபத்துச் சேதத்துக்குப் பாதுகாப்பு கிடைக்க வாய்ப்பு உண்டு.

கடைக்காரர் தவறு என்றால்?

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். சில நூறு ரூபாய் விஷயம் என்று பில் வாங்குவதில்லை. பல ஆயிரம் ரூபாய் டேப்லெட் கெட்டுப்போன பிறகு, அந்தக் கடையில்தான் ஒட்டினோம் என்று நிரூபிக்கக் கையில் ஒன்றும் இருக்காது.

ஸ்க்ரீன் கார்டு ஒட்டிக் கொடுப்பதும் காசு வாங்கிக்கொண்டு செய்யும் சேவைதான். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன்படி சேவைக் குறைபாட்டுக்குப் புகார் கொடுக்க முடியும். விற்ற பொருளுக்கோ செய்த சேவைக்கோ பில் தராததையே நியாயமற்ற வர்த்தக நடைமுறைகளில் ஒன்றாக அந்தச் சட்டம் சேர்த்திருக்கிறது. முதல் படியாக 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பேசலாம். அதில் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். பிரச்சினை ஏற்பட்ட 2 ஆண்டுகளுக்குள் புகார் தர வேண்டும். பொருளுக்கோ சேவைக்கோ கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை.

பில் இல்லாவிட்டாலும் யுபிஐ-யில் கொடுத்த பணத்தின் பதிவு உதவும். ஒட்டும்போது போனில் எடுத்த ஒரு சிறிய வீடியோ இருந்தால் இன்னும் நல்லது.

ஒட்டுவதற்கு முன் கடையில் கேட்க வேண்டிய 3 கேள்விகள்

1. "இது சாதாரண டெம்பர் கிளாஸா, ஃபிலிமா, யூவி பசையா?" யூவி என்றால் டேப்லெட்டுக்கு வேண்டாம்.
2. "ஸ்ப்ரேயை நேராகத் திரையில் அடிக்காமல் துணியில் அடித்துத் துடைக்க முடியுமா?" ஃபிலிம் என்றால் ஃபிலிமின் மேல் அடிக்கச் சொல்லலாம். ஸ்பீக்கர், போர்ட் ஓட்டைகளை ஒட்டும் வரை பேப்பர் டேப்பால் மூடச் சொல்வதிலும் தப்பில்லை.
3. "ஒட்டுவதற்கும் சேர்த்து பில் தருவீர்களா?"

டேப்லெட்டை அணைத்துவிட்டுத்தான் கடைக்காரர் கையில் கொடுக்க வேண்டும் என்பதையும் மறக்கக் கூடாது.

வீட்டிலேயே ஒட்டுபவர்கள் ஃபேனை நிறுத்தி, தூசி இல்லாத அறையில், பாக்கெட்டில் வரும் துடைப்பானை மட்டும் பயன்படுத்தினால் போதும். ஓரங்களைத் துடைக்கும்போது துணியைப் பிழியாமல், திரையின் நடுவிலிருந்து துடைத்துக்கொண்டு போனால் ஓட்டைகள் பக்கம் ஈரம் சேராது. சாதாரண டெம்பர் கிளாஸுக்கு அதற்கு மேல் ஒரு சொட்டுத் திரவம்கூடத் தேவை இல்லை.